போலி இணைப்புகளில் கணக்கு பறிபோகாமல் இருக்க: எந்த உருவில் வருகிறது, எங்கே பிடிபடுகிறது

முகவரிப்பட்டை (திரி தொடங்கியவர்)

சலான், மின்கட்டணம், பார்சல், கேஒய்சி என்று போலிச் செய்திகளுக்குப் பஞ்சமே இல்லை. யார் எவ்வளவு இழந்தார் என்ற கதை இந்தத் திரிக்கு வேண்டாம். செய்தி எப்படி வந்தது, உள்ளே என்ன நடக்கிறது, எந்த இடத்தில் நிறுத்தலாம் என்பதை மட்டும் எழுதுங்கள்.

முதலில் முகவரி. போக்குவரத்து அபராதச் செய்தியில் சில நேரம் வண்டி எண்கூடச் சரியாகவே இருக்கும், அதனால்தான் பலர் தொட்டுவிடுகிறார்கள். உண்மையான தளம் இசலான்.பரிவாஹன்.கவ்.இன். முகவரியை இடமிருந்து படித்தால் ஏமாறுவோம். தளப் பெயருக்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கி வாருங்கள். "பரிவாஹன்.கவ்.இன்.ஏதோஒன்று.டாப்" என்றிருந்தால் அந்தத் தளம் "ஏதோஒன்று.டாப்" வைத்திருப்பவனுடையது. அதற்கு முன்னால் அவன் என்ன வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். புள்ளிக்குப் பதில் சிறுகோடு போட்டு "பரிவாஹன்-கவ்-இன்" என்று வருவது இன்னொரு வகை. கைபேசியில் நீண்ட முகவரி முழுதாகத் தெரியாது, பட்டையைத் தொட்டு நகர்த்தித்தான் பார்க்க வேண்டும்.

முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுச் சின்னத்தை மறந்துவிடுங்கள். நடுவில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்று மட்டுமே அது சொல்லும், எதிரில் இருப்பவன் யோக்கியனா என்று சொல்லாது. அந்தப் பூட்டுக்கான சான்றிதழ் யாருக்கும் இலவசமாகச் சில நிமிடங்களில் கிடைக்கிறது. குரோமே 2023இல் அந்தப் பூட்டை எடுத்துவிட்டது.

பழுதுமேசை

சலான் மோசடியில் இணைப்பைவிட மோசமானது வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்பு. கல்யாணப் பத்திரிகை, வங்கி கேஒய்சி என்ற பெயர்களிலும் இதே சரக்குதான். நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், பிறகு ஆக்சஸிபிலிட்டி (திரையைப் படித்து இயக்கும் அனுமதி) கேட்கும். இரண்டையும் கொடுத்தால் ஓடிபி வந்த நொடியே வெளியே போகும், திரையில் நீங்கள் தட்டுவதும் தெரியும். பல ஆப்கள் ஐகானை மறைத்துக்கொள்ளும், அதனால் "ஒன்றும் நிறுவலையே" என்று தோன்றும்.

முன்கூட்டியே செய்ய வேண்டியது: அமைப்புகளில் ஆப்ஸ், அதில் சிறப்பு அணுகல், அதில் தெரியாத ஆப்ஸை நிறுவுதல். வாட்ஸ்அப், டெலிகிராம், குரோம், கோப்பு மேலாளர் எல்லாவற்றுக்கும் அணைத்து வையுங்கள். போன் கம்பெனிக்குத் தக்கபடி பெயர் கொஞ்சம் மாறும்.

நிறுவிவிட்டால் வரிசை முக்கியம். முதலில் விமானப் பயன்முறை, வைஃபையும் அணைய வேண்டும். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு அங்கிருந்து வங்கிக்குப் பேசுங்கள். கால் ஃபார்வர்டிங் ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று அந்தப் போனின் அமைப்புகளில் பாருங்கள். அது நெட்வொர்க்கில் பதிவாகும் விஷயம், போன் மாற்றினாலும் கூடவே வரும். அப்புறம் பாதிக்கப்பட்ட போனை சேஃப் மோடில் (நீங்கள் நிறுவிய ஆப்கள் ஓடாத நிலை) ஏற்றி, சாதன நிர்வாகி (போனைக் கட்டுப்படுத்தும் அனுமதி பெற்ற ஆப்கள்) பட்டியலில் புதிதாக இருப்பதை அணைத்துவிட்டு நீக்க வேண்டும். அதை அணைக்காமல் நீக்கு பொத்தான் வேலை செய்யாது. எனக்கு இதில் முழு நம்பிக்கை கிடையாது. படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்வதே நல்லது. கடவுச்சொல் மாற்றுவது எதுவானாலும் அதே போனிலிருந்து வேண்டாம்.

மீட்டர்பெட்டி

"இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், மின் அதிகாரியை உடனே அழைக்கவும்" என்ற செய்தி நாடு முழுக்கச் சுற்றியது, இன்னும் சுற்றுகிறது. அழைத்தால் திரையைப் பகிரும் ஆப்பை நிறுவச் சொல்வார்கள், பிறகு 10 ரூபாய் மட்டும் கட்டுங்கள் என்பார்கள். அந்தப் 10 ரூபாய் அவர்களுக்கு முக்கியமில்லை. அதைக் கட்டும்போது நீங்கள் தட்டும் அட்டை எண்ணும் ஓடிபியும்தான் வேண்டும்.

அனுப்புநர் பெயரைப் பார்க்கப் பழகுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி நிறுவன எஸ்எம்எஸ் பெயரின் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்து வரும்: பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. இது 2025இல் வந்த ஏற்பாடு. சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து மின்வாரியமோ வங்கியோ செய்தி அனுப்பினால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பெயர் சரியாக இருந்தாலே செய்தி உண்மை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. கைபேசிக் கோபுரம் போல நடிக்கும் போலிக் கருவி வைத்து எந்தப் பெயரிலும் அனுப்ப முடியும்.

கவுன்ட்டர்

வங்கித் தளங்களுக்கு ஒரு நல்ல அடையாளம் வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் 2025 அக்டோபர் 31க்குள் "பேங்க்.இன்" முகவரிக்கு மாறச் சொன்னது. அந்த முகவரியை ஐடிஆர்பிடி என்ற அமைப்பு மட்டுமே, வங்கிகளுக்கு மட்டுமே தரும். காசு கொடுத்து வெளியாள் வாங்க முடியாது. முகவரிப்பட்டை சார் சொன்ன மாதிரி, அது கடைசியில் இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் செல்லாது.

இன்னொன்று, வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். மேலே வருவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கலாம். அட்டையின் பின்பக்கம் எண் அச்சடித்தே இருக்கிறது. யுபிஐ பின் பணம் வாங்க ஒருபோதும் தேவைப்படாது. பணம் வரும் என்று சொல்லிப் பின் கேட்டாலே பணம் உங்களிடமிருந்து போகிறது.

சாவிக்கொத்து

மேலே எல்லோரும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பதைப் பற்றியே சொல்கிறீர்கள். கண்ணுக்கு எல்லை உண்டு. 2017இல் ஓர் ஆய்வாளர் சிரிலிக் (ரஷ்ய மொழியின்) எழுத்துகளை மட்டும் வைத்து ஆப்பிள்.காம் போலவே ஒரு முகவரி பதிவு செய்து காட்டினார். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. குரோம் 58ஆம் பதிப்பில் அதை அடைத்தார்கள். அந்த ஓட்டை போனாலும், இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் பார்க்கும் கண் அதே கண்தான். ஊருக்கெல்லாம் கடவுச்சொல் கசிவைச் சொல்லும் "ஹேவ் ஐ பீன் போன்ட்" தளத்தை நடத்தும் டிராய் ஹன்டே 2025 மார்ச்சில் மெயில்சிம்ப் என்ற மொத்த அஞ்சல் சேவையின் போலிப் பக்கத்தில் விவரம் கொடுத்துவிட்டார். நீண்ட பயணக் களைப்பில் இருந்ததாக அவரே எழுதினார். சுமார் 16,000 பேரின் அஞ்சல் பட்டியல் போயிற்று. அவருடைய கடவுச்சொல் மேலாளர் (கடவுச்சொற்களைச் சேமித்து அந்தந்தத் தளத்தில் நிரப்பும் ஆப்) அந்தப் பக்கத்தில் தானாக நிரப்பவில்லை, அதை அவர் கவனிக்காமல் கடந்துவிட்டார் என்பதுதான் நமக்குப் பாடம்.

கடவுச்சொல் மேலாளர் பக்கத்தின் அழகைப் பார்க்காது, முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். பொருந்தாவிட்டால் சும்மா இருக்கும். நிரப்பவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள்.

ஓடிபி இருக்கிறதே என்பவர்களுக்கு: இப்போதைய போலிப் பக்கம் நடுவில் நிற்கும் தரகன். நீங்கள் தட்டுவதை அந்த நொடியே உண்மையான தளத்துக்கு அனுப்பும், ஓடிபியையும் சேர்த்துத்தான். ஆதென்டிகேட்டர் ஆப் (உள்நுழைவு எண்ணைப் போனிலேயே உருவாக்குவது) தரும் எண் 30 நொடிக்கு ஒருமுறை மாறினாலும் பயனில்லை, அவர்களுக்குச் சில நொடி போதும். கடைசியில் குக்கீ, அதாவது நீங்கள் உள்நுழைந்துவிட்டீர்கள் என்று தளம் தரும் அடையாளக் கோப்பு, அவர்கள் கையில் இருக்கும். கடவுச்சொல்லே இல்லாமல் உங்கள் கணக்கில் உட்காரலாம்.

இதற்குச் சரியான மருந்து பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதில் உங்கள் சாதனத்தின் பூட்டை வைத்து உள்நுழைவது), அல்லது கணினியில் செருகும் யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி. எந்தத் தளத்துக்கு உருவாக்கினோமோ அந்தத் தளத்துக்கு மட்டும்தான் பதில் தரும், தரகன் பக்கத்தில் வேலையே செய்யாது. 2022இல் கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனத்தின் ஊழியர்களுக்குப் போலி எஸ்எம்எஸ் வந்தபோது மூன்று பேர் கடவுச்சொல்லைக் கொடுத்தேவிட்டார்கள், ஆனாலும் யுஎஸ்பி சாவி இருந்ததால் உள்ளே நுழைய முடியவில்லை.

கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய்ப் பாஸ்கீயைச் சேர்த்துவிடுங்கள், இரண்டு சாதனங்களில். காப்புக் குறியீடுகள் பத்து தருவார்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள், அதே மின்னஞ்சலில் வைக்காதீர்கள். ஒரு பலவீனம் உண்டு: "வேறு வழியில் முயல்க" என்பதைத் தொட வைத்து, உங்களை எஸ்எம்எஸ்ஸுக்கு இறக்கிவிடப் பார்ப்பார்கள். முடிந்த கணக்குகளில் எஸ்எம்எஸ் வழியை நீக்கிவிடுங்கள்.

கவுன்ட்டர்

@சாவிக்கொத்து, நடைமுறையில் ஒரு சிக்கல். சில வங்கித் தளங்களே தானாக நிரப்புவதைத் தடுத்து வைத்திருக்கின்றன. மேலாளர் நிரப்பாததற்கு மக்கள் பழகிப்போய், எல்லா இடத்திலும் நகலெடுத்து ஒட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்புறம் எச்சரிக்கைக்கு என்ன மதிப்பு?

சாவிக்கொத்து

நியாயமான கேள்வி. அந்த மாதிரித் தளத்துக்கு மேலாளருக்குள் போய், பதிவில் இருக்கும் முகவரியைத் தொட்டுத் தளத்தைத் திறங்கள். செய்தியிலிருந்து திறந்த பக்கத்தில் ஒட்டுவது கூடாது. நிரப்புவதைத் தடுப்பது பாதுகாப்பு என்று நினைக்கும் வங்கிகள்தான் முதலில் மாற வேண்டும்.

பச்சைக்குமிழ்

வாட்ஸ்அப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் எண்ணிலிருந்தே "இந்தப் போட்டியில் என் பெண்ணுக்கு ஓட்டுப் போடுங்க" என்று இணைப்பு வரும். பக்கத்தில் உங்கள் எண்ணைக் கேட்கும், பிறகு எட்டு எழுத்துக் குறியீடு காட்டி வாட்ஸ்அப்பில் தட்டச் சொல்லும். அது வேறு கணினியை உங்கள் கணக்கோடு இணைக்கும் குறியீடு. கணக்கு உங்களிடமே இருக்கும், அதனால் சந்தேகமே வராது. மோசடிக்காரன் அந்தக் கணினியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிப்பான், உங்கள் பெயரில் கடன் கேட்பான். இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலை அவ்வப்போது திறந்து, தெரியாததை வெளியேற்றுங்கள். இரு படிச் சரிபார்ப்பின் ஆறு இலக்கப் பின்னையும் போட்டு வையுங்கள். அது எண்ணை வேறு போனில் பதிவதைத் தடுக்கும், ஆனால் இந்த இணைப்பு வேலையைத் தடுக்காது. இரண்டும் வேறு வேறு.

பழுதுமேசை

கணினியில் உலாவுபவர்களுக்கு ஒரு வரி. "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் பொத்தானும் ஆர் பொத்தானும் அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, என்டர்" என்று எந்தப் பக்கம் சொன்னாலும் மூடிவிடுங்கள். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் வைத்திருக்கும். உங்கள் கையாலேயே அதை ஓட்ட வைக்கிறார்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொல், குக்கீ எல்லாம் போகும். உண்மையான கேப்சா உலாவியை விட்டு வெளியே வரச் சொல்லாது.

முகவரிப்பட்டை

கொடுத்துவிட்ட பிறகு என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன், இங்கேதான் நேரம் வீணாகிறது. பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930ஐ உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் நிறுத்தி வைக்கத்தான் அந்த எண். கையில் வைத்திருக்க வேண்டியவை: கணக்கு எண், நேரம், தொகை, யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். சைபர்கிரைம்.கவ்.இன் தளத்திலும் புகார் பதிவாக வேண்டும். வங்கிக்குத் தனியாக எழுதி, புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதிப்படி உங்கள் கவனக்குறைவால் போன பணத்தில் நீங்கள் தெரிவிக்கும் வரை போனது உங்கள் பொறுப்பு, தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் தெரிவித்த நேரம் எழுத்தில் இருப்பது அவசியம்.

மின்னஞ்சல் பறிபோயிருந்தால் கடவுச்சொல் மாற்றுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள், மறுவாரமே திரும்பப் போய்விடுகிறது. ஜிமெயிலில் நான்கு இடம் பாருங்கள்: உள்நுழைந்த சாதனங்கள், மீட்பு எண்ணும் மின்னஞ்சலும், தானாக முன்னனுப்பும் முகவரி, வடிகட்டிகள். வங்கி அஞ்சலை மட்டும் நேராகக் குப்பைக்கு அனுப்பும் வடிகட்டியைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், எச்சரிக்கை வந்தாலும் உங்கள் கண்ணில் படாது. அனுமதி கொடுத்த வெளி ஆப்களையும் நீக்குங்கள், அவற்றில் சிலவற்றுக்குக் கடவுச்சொல் மாற்றம் தடையாக இருக்காது.

புகார் போட்ட சில நாளில் "பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்" என்று ஒருவர் அழைப்பார். அவரும் அதே கூட்டம்தான்.

மீட்டர்பெட்டி

பணம் போகவில்லை, செய்தி மட்டும் வந்தது என்றால் 1930 வேண்டாம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதி இருக்கிறது, அங்கே பதியலாம். கடந்த 30 நாளுக்குள் வந்த அழைப்பு, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் செய்தியை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள். திரைப்பிடிப்பு எடுத்துவிட்டு அழியுங்கள்.