கிரெப்பஸ்குலர் என்றால் பின்னேரமா, விடியலா?

ஒட்டுசுட்டானான்:
மகளின் உயர்தர உயிரியல் குறிப்பில் முயலுக்குப் பக்கத்தில் 'கிரெப்பஸ்குலர்' என்று எழுதிக் கிடக்கிறது. அகராதியைப் பார்த்தால் 'அந்திக்குரிய' என்கிறது. சரி, பின்னேரம் திரிகிற விலங்கு என்று சொல்லிக் கொடுத்தேன். "அப்ப விடியக் காலமை எங்கட கச்சானைக் கறிச்சது ஆரப்பா?" என்று கேட்கிறாள். நியாயம்தான், வேலியோரம் புழுக்கை ஈரம் காயாமல் கிடந்தது. சரியான பொருள் என்ன? முயலைத் தவிர வேறு எதற்கும் இந்தச் சொல் வருமா?

குளக்கட்டு:
அண்ணை, மகள் சொல்வதுதான் சரி. விடியலும் மைமலும் இரண்டுமே அதற்குள் அடக்கம். பகலில் திரிவது டையர்னல், இரவில் திரிவது நொக்டர்னல், அரைவெளிச்சத்தில் திரிவது இது. லத்தீனில் 'கிரெப்பர்' என்றால் மங்கல். ஐயத்துக்கும் அதே சொல்தான். அதிலிருந்து மைமலுக்கு 'கிரெப்பஸ்குலும்' என்று பெயர் வந்து, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் இந்த உரிச்சொல்லாக நுழைந்தது. அந்த ஐயம் எனக்குப் பிடித்துப்போனது. ஒருநாள் முத்தையன்கட்டுக் குளக்கட்டால் சைக்கிளில் வருகிறேன், முன்னால் ஏதோ நிற்கிறது. மாட்டுக்கன்றா, பட்ட மரக்குற்றியா? மணி அடித்தேன். காது அசைந்தது. மரை!

மாங்குளத்துப் பெடியன்:
வானத்துக்கும் வரும். முகில் இடுக்கால் வெயில் கோடுகோடாக இறங்குமே, அவை கிரெப்பஸ்குலர் கதிர்கள். விசிறி போல விரிந்து தெரிந்தாலும் உண்மையில் இணையான கோடுகள்தான். இங்கே தண்டவாளத்தில் நின்று தூரத்தைப் பார்த்தால் இரண்டு கம்பியும் ஒட்டிக்கொள்வது மாதிரி. ஆனால் இந்தச் சொல்லை வாய்ப்பேச்சில் போட்டால் படங்காட்டுவது போல இருக்கும், கவனம்.

பழைய வாத்தி:
அகராதியிலும் பிழையில்லை. அந்தியை நாம்தான் மாலைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம். புறநானூற்று 34ஆம் பாட்டில் 'காலை அந்தியும் மாலை அந்தியும்' என்றே வருகிறது. அதே பாட்டில் குறுமுயலும் உண்டு, சூட்டிறைச்சியாக.

ஒட்டுசுட்டானான்:
நன்றி ஐயா. குறிப்பில் 'இரண்டு அந்தியிலும் திரியும்' என்று எழுதிக்கொண்டாள். சூட்டிறைச்சிக் கதையைச் சொல்லவில்லை. நாளை ஐந்தரைக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறாள், முயல் பார்க்கவாம். வேலி அடைக்கிற வேலை எனக்கு.