‘கிரீன் கார்டு மசோதா பாஸ்’ என்று ஃபார்வர்ட் வந்தால்

போன வாரம் அமெரிக்காவில் புதிதாக வந்திறங்கிய தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, ஏழு சதவீத வரம்பைத் தூக்கிட்டாங்களாமே, வாட்ஸ்ஆப்ல வந்துச்சு?" இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான அனுமதிதான் கிரீன் கார்டு; அதில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்குப் பொதுவாக ஏழு சதவீதம்தான் என்பதே அந்த வரம்பு. வருஷத்துக்கு நாலு பேராவது இதைக் கேட்கிறார்கள். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அந்த வரம்பைத் தூக்க வேண்டியது காங்கிரஸ். காங்கிரஸ் என்றால் இங்கே கட்சி இல்லை, நாடாளுமன்றம். பிரதிநிதிகள் சபையில் 435 பேர், செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு வீதம் 100 பேர். இரண்டு சபையும் ஒரே வாசகத்தை எழுத்து மாறாமல் நிறைவேற்ற வேண்டும், அப்புறம்தான் அதிபரின் கையெழுத்துக்குப் போகும். செனட்டில் பெரும்பாலான மசோதாக்களுக்கு விவாதத்தை முடிக்கவே 60 ஓட்டு வேண்டும்.

2019 ஜூலையில் நாட்டுவாரி வரம்பை நீக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 365-65 என்று ஜெயித்தது. எங்கள் அபார்ட்மென்டில் கேசரி கிண்டினார்கள். 2020 டிசம்பரில் செனட்டும் நிறைவேற்றியது, ஆனால் வேறு வாசகத்தில். இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் 2021 ஜனவரி 3 வந்தது, அந்தக் காங்கிரசின் இரண்டு வருஷக் கெடு முடிந்தது, மசோதாவும் செத்தது. அடுத்த காங்கிரசில் மறுபடி பிள்ளையார் சுழியிலிருந்து. ஆகவே ‘பாஸ்’ என்று யார் சொன்னாலும், எந்தச் சபையில் என்று கேளுங்கள்.

வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000, ஒரு நாட்டுக்குப் பொதுவாக 7 சதவீதம் என்பதெல்லாம் 1990-ல் காங்கிரஸ் போட்ட சட்டம். எந்த அதிபரும் தன் கையெழுத்தால் மட்டும் அதைக் கூட்ட முடியாது. ஹெச்-1பி வேலை விசாக்காரரின் கணவர் அல்லது மனைவிக்கு, அதாவது ஹெச்-4 துணைவருக்கான வேலை அனுமதி அப்படி இல்லை. அது 2015-ல் நிர்வாகம் கொண்டுவந்த விதி. ஆட்சி மாறும்போதெல்லாம் வயிற்றில் புளி கரைவது அதனால்தான்.

காங்கிரசுக்கும் கடிவாளம் உண்டு. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி மாணவர் ஜக்தீஷ் சத்தா விசா முடிந்தும் இங்கே தங்க அனுமதி பெற்றார். பிரதிநிதிகள் சபை தனியாக ஒரு தீர்மானம் போட்டு அதை ரத்து செய்தது. ஒரு சபை மட்டும் அப்படிச் செய்தால் செல்லாது என்று 1983-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கஜானா சாவி மட்டும் முழுக்கக் காங்கிரஸ் கையில். நிதி மசோதா நிறைவேறாததால் 2013 அக்டோபரில் 16 நாள் அரசு முடங்கியது. தொழிலாளர் துறை இயங்கவில்லை, ஹெச்-1பி மனுவுக்கு வேண்டிய எல்சிஏ என்ற அந்தத் துறையின் சான்று கிடைக்கவில்லை. இலையுதிர் காலத்தில் வேலை மாறுபவர்கள் அந்தத் தாளை அக்டோபர் 1-க்கு முன்பே வாங்கிவிடச் சொல்லுங்கள். நிதியாண்டு அன்றுதான் தொடங்குகிறது. டிரைவிங் லைசென்ஸ் மாநிலத்தின் வேலை, அதற்குக் காங்கிரசிடம் போகாதீர்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: நமக்கு ஓட்டு இல்லாவிட்டாலும் பிரதிநிதிகள் சபையில் தொகுதி உறுப்பினர் உண்டு. ஜிப் கோடு போட்டால் பெயர் வந்துவிடும். விண்ணப்பம் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் அவருடைய உள்ளூர் அலுவலகம் குடியேற்றத் துறையிடம் விசாரித்துத் தரும். ‘கொடு’ என்று உத்தரவிட முடியாது, ‘ஏன் தாமதம்’ என்று கேட்க முடியும், அவ்வளவுதான். என் மனைவியின் அட்டை அப்படிக் கேட்ட மூன்றாவது வாரம் வந்தது. முதல் தடவை படிவம் திரும்பி வந்தது வேறு கதை. நான் கையெழுத்துப் போட்டிருந்தேன், விண்ணப்பதாரர் அவர். யார் பெயரில் விண்ணப்பமோ அவரே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.