ஜெஸ்சர் டிராயிங்: தமிழில் ‘நிலையோட்டம்’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஆளை நேரில் பார்த்து வரையும் வகுப்புக்கு முதன்முறையாக வருகிறவர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘லைஃப் டிராயிங்’ என்பதற்கு நாம் முன்பு பேசி முடித்த ‘நேருரு வரைவு’ நன்றாகப் பொருந்துகிறது. ‘ஜெஸ்சர் டிராயிங்’ என்ற இடத்தில்தான் நின்றுவிட்டேன். வகுப்பின் தொடக்கத்தில் அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று, வரைவதற்காக மேடையில் அசையாமல் இருக்கும் ‘மாடல்’ நிலை மாற்றிக்கொண்டே போக, மாணவர்கள் வரைந்துகொண்டே போகும் பயிற்சி அது. ‘சைகை வரைவு’ என்ற மொழிபெயர்ப்பைப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. இப்போதைக்கு ‘விரைவு வரைவு’ என்று எழுதிவருகிறேன். சரிதானா? ‘மாடல்’ என்பதை அப்படியே விடலாமா, ‘மாதிரி’ என்று மாற்றலாமா என்பதையும் சொல்லுங்கள்.

* * *

அன்புள்ள தம்பிக்கு,

‘விரைவு வரைவு’ வேண்டாம். பல ஆண்டுகளாக வரைவு கற்பிப்பவள் என்ற முறையில் இதை அழுத்தமாகவே சொல்கிறேன். அந்தப் பெயரைக் கேட்ட மாணவர் உடனே அவசரப்படத் தொடங்குவார். தலையில் ஆரம்பித்து, கண், மூக்கு, வாய் என்று இறங்கி, கழுத்துக்கு வருவதற்குள் ஒரு நிமிடம் தீர்ந்துபோகும். அடுத்த நிலையில் அதே தலையை இன்னும் வேகமாக வரைவார். கைக்கு வேகம் கூடுகிறது, கண்ணோ எதையும் புதிதாகப் பார்ப்பதில்லை. நேரத்தைக் குறைப்பது மாணவர் நுணுக்கங்களுக்குள் போய்விடாமல் தடுப்பதற்கான ஏற்பாடு மட்டுமே. இருபது நிமிட நிலையாக இருந்தாலும் அதன் முதல் நிமிடத்தில் இதே பயிற்சியைத்தான் செய்ய வேண்டும். அப்போது ‘விரைவு’ என்ற சொல் எதைக் குறிக்கும்?

கையேடு படிப்பவருக்கு எதைப் பார்ப்பது என்பதைப் பெயரே சொல்லிவிட வேண்டும். ஒருவர் ஒரு காலை ஊன்றி, மற்றதைத் தளர்த்தி நிற்கிறார் என்று வையுங்கள். ஊன்றிய காலின் பக்கம் இடுப்பு உயர்கிறது. அதை ஈடுகட்ட அதே பக்கத்துத் தோள் பெரும்பாலும் தாழ்கிறது. தோளின் சாய்வும் இடுப்பின் சாய்வும் எதிரெதிராகப் போக, முதுகெலும்பு இரண்டுக்கும் நடுவே வளைந்து கொடுக்கிறது. கழுத்துக்குழியிலிருந்து தூக்குக்குண்டு நூலை விட்டால் அது ஊன்றிய பாதத்தை ஒட்டி விழும். உச்சந்தலையிலிருந்து அந்தக் குதிகால் வரை போகும் வளைவை ஒரே வீச்சில் இழுத்துவிட்டு, தோளுக்கும் இடுப்புக்கும் இரண்டு சாய்கோடுகள் போட்டால் போதும். மூக்கும் விரலும் இல்லாமலேயே ஆள் தாளில் நின்றுவிடுவார். எடை எங்கே இறங்குகிறது, எது இழுபடுகிறது, எது தொங்குகிறது என்பவைதான் இந்தப் பயிற்சியில் பார்க்க வேண்டியவை.

இந்தப் பயிற்சியைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் கிமோன் நிக்கோலய்டிஸ். நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக்கில் கற்பித்தவர். 1938இல் அவர் இறந்தபின், அவருடைய பாடத்திட்டம் 1941இல் நூலாக வந்தது. விளிம்பைத் தடவிப் பார்ப்பதுபோல மெதுவாக வரைவதை ஒரு பயிற்சியாகவும், உரு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பற்றுவதை வேறொரு பயிற்சியாகவும் அவர் பிரித்து வைத்தார். நமக்கும் இரண்டு சொற்கள் வேண்டும். முதலாவதற்கு ‘விளிம்பு வரைவு’ போதும், அதில் எனக்குத் தயக்கமில்லை. தாளைப் பார்க்காமலே செய்யும் வகையை ‘தாள்பாரா விளிம்பு வரைவு’ என்று எழுதலாம்.

இரண்டாவதற்கு என் முன்மொழிவு ‘நிலையோட்டம்’. ‘போஸ்’ என்பதற்கு ‘நிலை’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அதனுள் ஓடுவது நிலையோட்டம். எண்ணவோட்டம், நீரோட்டம் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது எளிதாக வரும். பயிற்சியின் பெயர் ‘நிலையோட்ட வரைவு’. ‘லைன் ஆஃப் ஆக்‌ஷன்’ என்று சொல்கிறார்களே, அந்த முதல் வளைவுக்கு ‘ஓட்டக்கோடு’. ஒரே வேரிலிருந்து இரண்டும் கிடைக்கின்றன.

உடல் நிலைகளுக்கு நம்மிடம் பழைய வகைப்பாடே உண்டு என்பதையும் கையேட்டில் ஓரிடத்தில் சொல்லுங்கள். சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில் மாதவி யாழோடு அமர்கிற இருக்கைக்கு உரை எழுதும் அடியார்க்குநல்லார், ஓவிய நூல் சொல்வதாக நிற்றல், இருத்தல், கிடத்தல், இயங்குதல் என்று நிலைகளைப் பிரித்து, இருத்தலில் மட்டும் பதுமுகம், ஒப்படியிருக்கை, ஏகபாதம் எனப் பல வகைகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். ‘ஸ்டாண்டிங் போஸ்’, ‘சீட்டட் போஸ்’ என்றெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

* * *

> இரண்டாவதற்கு என் முன்மொழிவு ‘நிலையோட்டம்’.

அம்மாவுக்கு வணக்கம். ‘விரைவு’ பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனால் ‘மெய்ப்பாடு’ என்ற தொல்காப்பியச் சொல் இருக்கும்போது புதிதாக ஏன் ஒன்றை உண்டாக்க வேண்டும்? மெய்யில் படுவது மெய்ப்பாடு. ‘மெய்ப்பாட்டு வரைவு’ என்றால் கேட்கவும் நன்றாக இருக்கிறது. அது வேண்டாமென்றால் நெடுநல்வாடையின் ‘புனையா ஓவியம்’ இருக்கிறது. வண்ணம் தீட்டாத கோட்டோவியம் என்றுதானே அதற்குப் பொருள். இன்னொரு தயக்கம்: ‘ஓட்டம்’ என்றதும் புதியவருக்கு ஓடுவதுதானே நினைவுக்கு வரும்?

* * *

ஐயா, இரண்டும் நான் விரும்பும் சொற்கள். ஆனாலும் இந்த இடத்துக்கு ஒத்துவரவில்லை.

தொல்காப்பியர் சொல்லும் மெய்ப்பாடு எட்டும் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. உள்ளத்தில் எழுந்து உடலில் தெரிபவை அவை. மேடையில் இருப்பவரோ பெரும்பாலும் எதையும் நடிப்பதில்லை. களைத்துச் சாய்ந்திருப்பார், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருப்பார். ‘மெய்ப்பாடு’ என்று சொன்னால் மாணவர் உடலை விட்டுவிட்டு முகத்தில் உணர்ச்சியைத் தேடத் தொடங்குவார். எதிலிருந்து அவரை விலக்க நினைக்கிறோமோ அதற்கே திரும்பிப் போவார். ‘புனையா ஓவியம்’ முடிந்த கோட்டோவியத்துக்கு அழகான பெயர். அதை அந்தப் பொருளிலேயே காப்பாற்றி வைப்போம். நிலையோட்ட வரைவில் முடிந்த ஓவியம் என்று எதுவும் கிடையாது. தாள் நிறையக் கிறுக்கலாகத் தெரிவதை வீட்டுக்கு எடுத்துப்போகாமலே விட்டுவிடலாம்.

‘ஓட்டம்’ தனியாக நின்றால் நீங்கள் சொல்லும் குழப்பம் வரும். ‘நிலை’யோடு சேரும்போது வராது. நிற்கிறவரிடத்தில் ஓட்டத்தைத் தேடச் சொல்வதால், சொல்லே மாணவரைச் சற்று யோசிக்க வைக்கும் என்றும் நம்புகிறேன்.

செய்முறையையும் அந்தப் பெயரோடு சேர்த்தே எழுதச் சொல்வேன். பெரிய, விலை குறைந்த தாள். கரித்துண்டைப் பேனாவைப்போல் முனையில் பிடிக்காமல், படுக்கவைத்துத் தளர்வாகப் பிடிக்க வேண்டும். தாள் செங்குத்தாக இருக்கட்டும், அதிலிருந்து கை நீளத் தொலைவில் நின்று, மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு தோளிலிருந்து கையை வீச வேண்டும். முதலில் சில நொடிகள் வெறுமனே பார்க்க வேண்டும். முடிந்தால் அந்த நிலையைத் தம் உடலிலேயே சற்று உணர்ந்து பார்க்க வேண்டும், எந்தத் தொடை இறுகுகிறது என்பது அப்போது தெரிந்துவிடும். அழிப்பானைப் பைக்குள்ளேயே விட்டுவிடுவது நல்லது. பிழையான கோட்டின் மேலேயே சரியான கோட்டைப் போடலாம். தாளைவிட ஆளை அதிக நேரம் பார்ப்பதுதான் புதியவருக்கு எல்லாவற்றிலும் கடினமானது, ஆசிரியர் திரும்பத் திரும்ப நினைவூட்ட வேண்டியதும் அதுவே.

நீண்ட நிலைகளில்தான் அளவெடுப்பது வரும். கையை முழுதாக நீட்டி, முழங்கை மடங்காமல், ஒரு கண்ணை மூடி, பென்சிலில் தலையின் உயரத்தைக் குறித்துக்கொண்டு உடலில் எத்தனை தலை அடங்குகிறது என்று எண்ணுவார்கள். வளர்ந்தவர் நிமிர்ந்து நின்றால் ஏறத்தாழ ஏழரைத் தலை. இது சராசரிதான், எதிரே இருப்பவர் ஏழாக இருந்தால் ஏழுதான். இடுப்பில் கை வைத்திருந்தால் கைக்கும் விலாவுக்கும் நடுவில் விடுபடும் முக்கோணத்தை வரைவது கையை வரைவதைவிட நம்பகமானது. அந்த ‘நெகட்டிவ் ஸ்பேஸ்’ என்பதற்கு ‘இடைவெளி உரு’ என்று எழுதிப் பார்க்கிறேன், யாராவது இன்னும் நல்லதாகச் சொன்னால் மகிழ்வேன்.

‘மாடல்’ பற்றி. ‘மாதிரி’ மட்டும் கூடாது. கடையில் காட்டும் துணுக்குக்கும் ஆய்வகத்தில் எடுக்கும் துளிக்கும் மாதிரி என்று பெயர். மேடையில் இருப்பவர் வேலை செய்துகொண்டிருக்கிற மனிதர். கலை, கலைஞர் என்று வருவதைப்போல நிலை, நிலைஞர். பேச்சில் ‘மாடல்’ இருந்துவிட்டுப் போகட்டும், எழுத்தில் ‘நிலைஞர்’ என்று வையுங்கள்.

அந்தச் சொல் வந்துவிட்டால் ஒழுங்குமுறைகளை விளக்குவதும் எளிதாகிறது. இருபது நிமிடம் அசையாமல் இருப்பது கடுமையான உடலுழைப்பு. ஊன்றிய கால் மரத்துப்போகும், உயர்த்திய கை கனத்துக் கீழிறங்கும். கை சற்று இறங்கிவிட்டால் மாணவர் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அல்லது ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். தாமே மேடையருகே போய்ச் சரிசெய்யக் கூடாது, தொடுவது எந்த நிலையிலும் கூடாது. இடைவேளைக்கு முன் பாதத்தையும் கையையும் சுற்றி ஒட்டுநாடாவால் குறியிட்டால் நிலைஞர் அதே இடத்துக்குத் திரும்பலாம், அந்தக் குறிகளை யாரும் மிதித்துக் கலைக்க வேண்டாம். நிலையின் நடுவில் கதவைத் திறந்து நுழையக் கூடாது. தாமதமானால் அந்த நிலை முடியும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். கைபேசி பையில் இருக்கட்டும். தன் ஓவியத்தைத்தான் படமெடுக்கிறேன் என்றாலும், நிலைஞர் மேலங்கி அணிந்து மேடையைவிட்டு இறங்கும்வரை வெளியே எடுக்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் எல்லா வகுப்புகளிலும் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். பலரும் சொல்லாமல் விடுவது பேச்சைப் பற்றி. நிலைஞரின் உடலைப் பாராட்டுவதும் வேண்டாம். பக்கத்து மாணவரிடம், தம் தாளைக் காட்டி, ‘வயிறு பெரிதாக வந்துவிட்டது’ என்று ஒருவர் சொல்லும்போது, சில அடி தொலைவில் அசையமுடியாமல் இருப்பவரின் காதிலும் அது விழுகிறது. ஓவியத்தைப் பற்றிய பேச்சானாலும் ‘இந்தக் கோடு’, ‘இந்த அளவு’ என்று தாளைப் பற்றியதாகவே இருக்கட்டும். முடிந்ததும் நிலைஞருக்கு நன்றி சொல்வது வழக்கம். கையேட்டில் இந்தப் பத்தியைச் சுருக்கிவிடாதீர்கள், தம்பி.

* * *

அம்மா, ஐயா, இருவருக்கும் நன்றி. ‘நிலையோட்டம்’, ‘ஓட்டக்கோடு’, ‘நிலைஞர்’ மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். ‘ஃபோர்ஷார்ட்டனிங்’ ஒன்று மிச்சமிருக்கிறது. படுத்திருப்பவரைக் காலடியிலிருந்து பார்த்தால் பாதம் பெரிதாகவும் கால் குட்டையாகவும் தெரிகிறதே, அதற்கு?

* * *

‘குறுக்கம்’. இலக்கணத்தில் ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் என்று படித்திருப்பீர்கள். எழுத்து அதுவேதான், ஒலிக்கும் அளவு மட்டும் குறைகிறது. இங்கேயும் கால் அதே கால், கண்ணுக்குத் தெரியும் அளவுதான் குறைகிறது. ‘தொடை குறுக்கத்தில் இருக்கிறது’ என்று வகுப்பில் இயல்பாகச் சொல்ல முடியும்.

புதியவர் தம் கண்ணை நம்பாமல் காலை நீட்டி வரைந்துவிடுவார். நீளம் தெரியுமே என்ற அறிவு கையைப் பிடித்து இழுக்கும். பென்சிலால் அளந்து, தொடை ஒரு பாதத்தின் உயரம்கூட இல்லை என்று கண்டால் அப்படியே போடச் சொல்லுங்கள். முதல் வகுப்பில் அதுகூட வேண்டாம். கிடத்தல் நிலை வந்தால் காலடியை விட்டு விலகி, பக்கவாட்டில் இடம் பார்த்து நிற்கட்டும்.