வீட்டு பீர் கறுத்துப்போய் அட்டைப்பெட்டி வாசம் அடிக்குதுங்க, காற்று எங்கே புகுது?

கோபிக்காரன்:
சொந்த ஊர் கோபி, இப்போது இருப்பது மெல்போர்ன். இங்கே நாம் குடிக்க நாமே பீர் காய்ச்சத் தடையில்லை. ஹேஸி ஐபிஏ (கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூவை நிறையப் போட்ட கலங்கல் பீர்) போட்டு பாட்டிலில் அடைக்கும்போது மாம்பழச்சாறு மாதிரி இருக்குது, சில வாரத்தில் சாம்பல் கலந்த பழுப்பாகி, நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்துடுது. கிருமியா, காற்றா? கெக் (பீர் அடைக்கும் உலோகப் பீப்பாய்), கேஸ் சிலிண்டர் எல்லாம் வாங்க இப்போதைக்கு வழியில்லைங்க.

நொய்யல்கரை:
தம்பி, கிருமின்னா பெரும்பாலும் புளிப்பு தட்டும். இது ஆக்ஸிஜன் வேலை. ஈஸ்ட் போடும்போது வோர்ட்டில் (இன்னும் நொதிக்காத மால்ட் சாறில்) காற்று கலக்கலாம், ஈஸ்டுக்கு அது வேணும். நொதித்த பிறகு ஆகவே ஆகாது. அதிலும் ஹாப்ஸ் அள்ளிப் போட்ட பீர்தான் முதலில் கெடும். நொதித்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துத் தெளிய விடுறீங்களா?

கோபிக்காரன்:
ஆமாங்கண்ணா, ஏர்லாக் (உள்ளே வரும் வாயுவைத் தண்ணீர் வழியாக வெளியே விடும் மூடி) மாட்டித்தான்.

நொய்யல்கரை:
சரி, அங்கேதான் இருக்குது. குளிரக் குளிர மேலே இருக்கும் வாயு சுருங்கும், பீரும் கொஞ்சம் கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துக்கும், உள்ளே அழுத்தம் குறைந்து ஏர்லாக் தண்ணீரில் குமிழி வெளியிலிருந்து உள்பக்கமாக ஓடும். கிட்ட நின்று பாருங்க, தெரியும். நொதிப்பு மும்முரமாக இருக்கும்போது வரும் வாயுவை ஒரு பலூனில் பிடித்து வைத்து, குளிர வைக்கும்போது அதை மாட்டினால் பலூன்தான் சுருங்கும், வெளிக்காற்று போகாது. என்னைக் கேட்டால் குளிர வைப்பதையே விட்டுடலாம், கலங்கலாக இருக்க வேண்டிய பீருக்கு எதுக்குங்க தெளிவு?

அப்புறம் இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றாதீங்க. டியூப் பாட்டிலின் அடி தொடணும், சலசலன்னு விழக்கூடாது. கழுத்தில் வெற்றிடம் குறைவாக விட்டு உடனே மூடி போட்டுடுங்க. சர்க்கரை போட்டு அடைத்தால் மிச்சக் காற்றில் கொஞ்சத்தை ஈஸ்டே தின்னும், முழுசும் இல்லை.

காங்கயத்தான்:
எங்க ஊர் தேங்காயெண்ணெய் பாதி டின்னாகச் சூட்டில் கிடந்தால் சிக்கு வாசம் வருமே, அந்தக் கதைதான் போல. கேஸ் பிடித்ததும் பாட்டிலை ஃப்ரிட்ஜுக்கு மாத்திடுங்க, சூடு ஏற ஏற சீக்கிரம் கெடும். ஏனுங்க, இதை நம்ம ஊரில் போடலாமா?

நொய்யல்கரை:
வேண்டாம் மாப்ள. 1937-ம் வருஷ மதுவிலக்குச் சட்டம் நம்ம மாநிலத்தில் இன்னும் இருக்குது, லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் காய்ச்சினால் குற்றம்.

கோபிக்காரன்:
பாட்டில் அடைக்கும் முன் மெட்டாபைசல்பைட் (ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளும் சல்பைட் உப்பு) துளி போடலாமாங்கண்ணா?

நொய்யல்கரை:
போடலாம், ரொம்பக் கொஞ்சமா. ஆஸ்துமா இருக்கிறவங்களுக்குக் கொடுக்கும் முன் சொல்லிடுங்க, சல்பைட் சிலருக்கு ஒத்துக்காது. முதலில் அந்த ஏர்லாக்கைக் கவனிங்க.