பெர்சிமன், மங்குஸ்தான், முள்சீத்தா: எந்தப் பதத்தில் சாப்பிடுவது?

செம்பருத்தி:
பெர்சிமனைக் கடித்தால் நாக்கு முழுக்கத் துவர்ப்பு ஏறி, வாயே இழுத்துக்கொள்கிறது. மங்குஸ்தானில் பாதி திறக்கவே வருவதில்லை. முள்சீத்தா ஒன்று காயாக இருக்கிறது, இல்லாவிட்டால் புளித்துப்போகிறது. பதம் பார்ப்பது எப்படி? வேறு நல்ல பழம் இருந்தாலும் சொல்லுங்கள்.

கிளைநுனி:
பெர்சிமனில் முதலில் வகையைப் பாருங்கள். தட்டையாகத் தக்காளி வடிவில் இருந்தால் பெரும்பாலும் ஃபூயு. கெட்டியாக இருக்கும்போதே நறுக்கித் தின்னலாம். கீழே கூம்பி நீண்டிருந்தால் ஹச்சியா. அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் கரையும் நிலையில் நிறைய உண்டு. எச்சிலில் உள்ள புரதத்தோடு அது சேர்வதால்தான் வாய் இழுக்கிறது. நிறத்தை நம்பாதீர்கள். செக்கச் சிவந்தும் துவர்க்கும். தொட்டால் உள்ளே கூழாக அசையும்வரை பொறுக்க வேண்டும். வாழைப்பழத்தோடு காகிதப் பையில் மூடி வைத்தால் சீக்கிரம் கனியும், தினமும் அழுத்திப் பாருங்கள். அவசரமென்றால் ஃப்ரீசரில் ஒரு நாள் முழுக்க வைத்து, வெளியில் இளகவிடுங்கள். துவர்ப்பு நன்றாகக் குறையும், ஆனால் சதை கூழாகிவிடும்.

அந்தக் கூழ் 200 கிராமுக்குப் பால் 100 மி.லி. சேர்த்து அடித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். பழத்தின் பெக்டினும் பாலின் கால்சியமும் சேர்ந்து, ஜெலட்டின் இல்லாமலே புட்டிங் மாதிரி உறையும். அரைகுறையாகப் பழுத்ததை வெறும் வயிற்றில் நிறையத் தின்ன வேண்டாம், வயிற்றில் செரிக்காமல் கட்டியாகத் திரளக்கூடும்.

தேன்சிட்டு:
மங்குஸ்தானுக்குக் கட்டைவிரல் போதும். அழுத்தினால் தோல் லேசாக உள்வாங்க வேண்டும். கெட்டித்துப்போனது பழசு, இல்லை அடிபட்டது. அடியில் பூ மாதிரி இருக்கும் இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று தெரிந்துவிடும். இதழ் அதிகமானால் சுளை சிறிது, கொட்டையும் குறைவு. கத்தியை நடுவில் சுற்றி அரை செ.மீ. ஆழம் மட்டும் ஓட்டி, இரு பாதியையும் எதிரெதிராகத் திருகுங்கள். ஆழமாக வெட்டினால் தோலின் சாறு சுளையில் இறங்கிக் கசக்கும். துணியில் பட்டால் கறை போகாது. மஞ்சள் பிசின் ஊறிய சுளையை ஒதுக்கிவிடுங்கள்.

முள்சீத்தாவைக் கெட்டியாக வாங்கி வெளியிலேயே வையுங்கள். விரலுக்கு அமுங்கியதும் அன்றே சாப்பிடுங்கள், அல்லது சதையை எடுத்து ஃப்ரீசரில் போடுங்கள். மேல்தோல் கறுப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மிக்ஸியில் போடும் முன் ஒரு விதை விடாமல் எடுங்கள், அவை நச்சு. சதையிலும் அனோனாசின் என்ற நரம்பு நச்சு உண்டு, ஆகவே தினசரிப் பழக்கம் ஆக்காதீர்கள்.

செம்பருத்தி:
நன்றி! பெர்சிமன் கூழைக் கேக்கில் சேர்க்கலாமா?

கிளைநுனி:
தானாக முழுக்கக் கனிந்ததை மட்டும் சேருங்கள். ஃப்ரீசரில் துவர்ப்பு நீக்கிய கூழைச் சூடாக்கினால் துவர்ப்பு திரும்பக்கூடும்.

வேரடி:
பேஷன் பழம் முயன்று பாருங்கள். தோல் சுருங்கியதுதான் இனிக்கும். மிக்ஸியை ஓரிரு நொடி மட்டும் விட்டுவிட்டு ஓட்டி வடிகட்டுங்கள், விதை அரைபட்டால் சாறு கசக்கும்.

நட்சத்திரப் பழமும் நன்றாக இருக்கும்: மஞ்சளாகி, வரம்புகள் லேசாகப் பழுப்பேறியதும் குறுக்கே நறுக்கினால் போதும், தோல் சீவ வேண்டாம். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள நரம்பு நச்சைச் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாதபோது விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகும். விருந்தாளிக்கு வைக்கும் முன் கேட்டுவிடுங்கள்.