புதுப்பிப்பு: முட்டுக்காடு பூங்காவுக்குச் சென்றோம், மாமல்லபுரத்தில் தங்கினோம்

கடலூரிலிருந்து முட்டுக்காட்டுப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு செல்லும்போது சென்னைக்குள் தங்குவதா, மாமல்லபுரத்தில் தங்குவதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். மாமல்லபுரத்தையே தேர்ந்தெடுத்தோம். புதுச்சேரி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே செல்பவர்களுக்கு அவ்வூர் பூங்காவுக்கு முன்பே வந்துவிடுவதால், நகர நெரிசலுக்குள் நுழைந்து, மறுநாள் காலை மீண்டும் தெற்கே திரும்பி வரும் அலைச்சல் மிச்சமாயிற்று. முதல் நாள் மாலையே, 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த சிற்பங்களையும் பார்த்துவிட்டோம் (என் மாமியாருக்கு ராட்டினங்களைவிட அர்ச்சுனன் தபசுதான் பிடித்திருந்தது).

ஒரு குறை மட்டும் உண்டு. வாடகை குறைவென்று எடுத்த விடுதியில் துணி உலர்த்த இடமே இல்லாததால், நீர் விளையாட்டில் நனைந்த பிள்ளைகளின் உடைகளை இரவு முழுவதும் மின்விசிறிக்கடியில் நாற்காலிகள்மேல் பரப்பி வைத்தோம். பதிவு செய்யும்முன் மொட்டை மாடியில் கொடி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.