லீஃப்ஸ் ஜேர்சி: 18ஆ, 23ஆ?

குழு: வல்வெட்டி வீடு
2025 ஜூலை 1, செவ்வாய்

தர்சி (8:41): எல்லாருக்கும் கனடா தின வாழ்த்துகள். சனிக்கிழமை ஆதியின் பிறந்தநாள், மறக்க வேண்டாம். மில்லிக்கன் பார்க், 12 மணி. போன வருடம் எல்லாரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த ரொறன்ரோ லீஃப்ஸ் ஹொக்கி ரீமின் மார்னர் ஜேர்சியை நேற்று இரவு கட்டிலுக்குக் கீழே எறிந்துவிட்டான். சாப்பிடவும் இல்லை. புதிது ஒன்று வாங்க வேண்டும். யாருடைய பேர் போடுவது? இன்றைக்கே சொல்லுங்கோ.

வசந்தா (8:44): மறுபடியும் ஜேர்சியா?

சாந்தி (8:44): பாவம் பிள்ளை

கஜன் (8:46): மார்னர் லீஃப்ஸை விட்டு வேகாஸ் ரீமுக்குப் போய்விட்டான். 8 வருடம். வருடத்துக்கு 12 மில்லியன்.

வசந்தா (8:47): ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் ஊரில் பிறந்த பிள்ளை. சொந்த ஊரை விட்டுப் போக எப்படி மனம் வந்தது?

கஜன் (8:47): நாங்கள் ஸ்காபரோவை விட்டு மார்க்கம் போனபோது மாமாவும் இதைத்தான் கேட்டவர்.

ரவி (8:49): அந்தக் கதை இப்போது வேண்டாம். தர்சி, நான் சொல்கிறேன் கேள். 18ஆம் நம்பர். ஸ்டீவன் லோரென்ட்ஸ்.

துஷி (8:49): யார்?

தர்சி (8:50): யார் மாமா?

கஜன் (8:50): நாலாவது லைன். மூன்று மூன்று பேராக ஐஸில் இறங்குகிறதில் கடைசிக் கூட்டம்.

சாந்தி (8:51): மட்டன் ரோல்ஸ் நான் கொண்டு வருகிறேன். எத்தனை பேர்?

ரவி (8:56): பிள்ளை, போன செப்டம்பரில் அவன் கையில் ஒப்பந்தமே இல்லை. ஆடிக் காட்டுகிறேன், பிடித்தால் எடுங்கோ என்று லீஃப்ஸின் பயிற்சி முகாமுக்கு வந்தவன். அதற்கு மூன்று மாதத்துக்கு முன்தான் ஃபுளோரிடாவோடு ஸ்டான்லி கோப்பை வென்றிருந்தான். கோப்பை வென்றவனுக்கே வேலை இல்லை. லீஃப்ஸ் ஒரு வருடத்துக்கு 775,000 டொலர் எழுதினார்கள். லீக்கில் அதற்குக் கீழே சம்பளம் கிடையாது. 82 ஆட்டத்தில் 80 ஆடினான். 8 கோல், 11 அசிஸ்ட். இப்போது மூன்று வருடத்துக்குத் திரும்ப எழுதியிருக்கிறார்கள், வருடத்துக்கு 1.35 மில்லியன். கிச்சினர் பெடியன். சின்ன வயதிலிருந்தே லீஃப்ஸ் ரசிகன். துஷி படிக்கிற வாட்டர்லூவுக்குப் பக்கத்து ஊர்.

துஷி (8:57): ஓ

வசந்தா (8:57): 775,000 குறைந்த சம்பளமா? அந்தக் காசுக்கு ஒரு வீடு வாங்கலாமே.

சாந்தி (8:58): மார்க்கத்தில் வாங்க முடியாது அக்கா

துஷி (8:59): நல்லா விளையாடினான் என்றால் ஏன் அவ்வளவு குறைவு? ரீமிடம் காசு இல்லையா?

ரவி (9:07): காசு நிறைய இருக்கிறது. கொடுக்கத்தான் முடியாது. அதுதான் சலரி கேப். ஒரு ரீம் தன் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கிற மொத்தச் சம்பளத்துக்கு லீக் ஓர் எல்லை வைத்திருக்கிறது. முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரனாக இருந்தாலும் எல்லை எல்லாருக்கும் ஒன்றுதான். (நீண்ட காயத்துக்கு ஒரு சலுகை உண்டு, அதை இப்போது விடுங்கோ.) போன சீசன் எல்லை 88 மில்லியன். மத்தியூஸுக்கு 13.25, நைலாண்டருக்கு 11.5, டவாரெஸுக்கு 11, மார்னருக்கு 10.9. நாலு பேருக்கே 46 மில்லியனுக்கு மேல். பாதிக்கு மேலே அங்கேயே முடிந்தது. மிச்சத்தில் இரண்டு கோலி, டிஃபென்ஸ் முழுக்க, மூன்றாவது லைன், நாலாவது லைன் எல்லாம் பிடிக்க வேண்டும். கஜனின் கலியாணத்தில் மண்டபத்துக்கும் மணவறைப் பூவுக்கும் காசெல்லாம் போய், கடைசிப் பந்திக்கு வடை இல்லாமல் போனதே, அந்த நிலைமைதான்.

சாந்தி (9:07): ஐயோ

வசந்தா (9:08): ரவி

வசந்தா (9:10): என் பிள்ளையின் கலியாணத்தை ஏன் இதற்குள் இழுக்கிறாய்? நாங்கள் 350 பேருக்குச் சொன்னோம். உன் கூட்டாளிமார் மட்டும் ஒரு வான் நிறைய வந்து இறங்கினார்கள்.

ரவி (9:10): அக்கா, விளங்கப்படுத்தத்தான் சொன்னேன்

வசந்தா (9:11): விளங்கப்படுத்த உன் வீட்டுக் குடிபூரலைச் சொல்லு.

கஜன் (9:12): வடை இருந்தது. சம்பல்தான் முடிந்தது.

துஷி (9:12): கடைசிப் பந்தியில் நான் இருந்தேன் அண்ணா. வடையும் இல்லை.

தர்சி (9:13): ஜேர்சிக்கு வாங்கோ எல்லாரும்

கஜன் (9:16): நான் சொல்வது மத்தியூ நைஸ். 23ஆம் நம்பர். வயது 22. ஆறு வருடம் எழுதியிருக்கிறான், வருடத்துக்கு 7.75 மில்லியன். மத்தியூஸோடு முதல் லைனில் ஆடுகிறவன். வாங்கினால் அதை வாங்கு. நாலாவது லைன்காரனை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

ரவி (9:17): ஆதி வைத்திருப்பான்.

கஜன் (9:19): மாமா, நாலாவது லைனுக்கு நீண்ட ஒப்பந்தம் எழுதி ஏற்கெனவே பட்டிருக்கிறார்கள். காம்ஃப். 2023இல் நாலு வருடம், வருடத்துக்கு 2.4 மில்லியன். இந்த முறை கோப்பைக்கான பிளேயோஃப் ஆட்டங்களில் பெரும்பாலும் வெளியேதான் இருந்தான். இன்னும் இரண்டு வருடம் மிச்சம்.

சாந்தி (9:19): அம்மா குரல் பதிவு அனுப்பச் சொல்கிறா, பொறுங்கோ

அம்மம்மா (9:21): [குரல் பதிவு 0:52]

துஷி (9:22): என்ன சொல்கிறா? பஸ்ஸில் இருக்கிறேன், கேட்கவில்லை.

சாந்தி (9:23): சனிக்கிழமை வெயிலாம், குடை கொண்டு வரட்டாம். தர்சி மெலிந்து போய்விட்டாளாம். பிறகு சண்டின் இன்னும் விளையாடுகிறானா என்று கேட்கிறா. விளையாடினால் அவனுடைய சட்டையை வாங்கட்டாம்.

ரவி (9:23): லீஃப்ஸின் பழைய கப்டன், ஆட்டத்தை விட்டுக் கனகாலம். அம்மாவுக்கு சண்டின் என்றால் உயிர். நான் வந்த புதிதில் எக்ளிண்டன் பேஸ்மெண்டில் இரண்டு பேரும் ஒன்றாக இருந்து பார்த்தோம்.

வசந்தா (9:24): அந்த பேஸ்மெண்ட் வாடகையைக் கட்டியது நான்.

தர்சி (9:24): அம்மா ப்ளீஸ்

ரவி (9:34): கஜன், காம்ஃப் கதையைச் சொன்னாய், சரியான கேள்விதான். அதனால்தான் 1.35 என்கிற எண் முக்கியம். ஒருவன் சரிவரவில்லை என்றால் கீழ் லீக்குக்கு, மார்லிஸுக்கு அனுப்புவார்கள். அனுப்பினாலும் முழுச் சம்பளமும் கேப்பிலிருந்து போகாது. ஆகக் குறைந்த சம்பளத்தோடு 375,000 டொலர் கூட்டி வருகிற தொகை மட்டும்தான் கழியும். வருகிற சீசனில் அது 1.15 மில்லியன். காம்ஃபை அனுப்பினால் 1.25 மில்லியன் கேப்பில் அப்படியே நிற்கும். லோரென்ட்ஸை அனுப்ப வேண்டி வந்தால் நிற்பது 200,000 மட்டும். பயம் இல்லாமல் மூன்று வருடம் கொடுக்கலாம். எல்லையும் ஏறுகிறது: வருகிற சீசன் 95.5 மில்லியன், அதற்கடுத்தது 104, பிறகு 113.5. இவனுடைய சம்பளம் 1.35இலேயே நிற்கும். மூன்றாவது வருடம் மொத்தத்தில் நூறில் ஒன்றுக்குக் கொஞ்சம்தான் கூட. லீஃப்ஸின் மனேஜர் ட்ரெலிவிங் இந்தக் கோடையில் செய்ததில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான். டவாரெஸ் 11இலிருந்து 4.38க்கு இறங்கி வந்தது பெரிய செய்தி, எல்லாரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். இதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

சாந்தி (9:35): 40 ரோல்ஸ் போதுமா

துஷி (9:35): மரக்கறி ரோல்ஸும் அம்மா

கஜன் (9:37): கணக்கு சரி மாமா. ஆனால் மார்னரின் இடத்தில் யார்? அவனுக்குப் பதிலாக வேகாஸ் தந்த நிக்கோலா றோயா? நாலாவது லைனைக் கட்டி வைத்துக்கொண்டு முதல் லைனுக்கு ஆள் இல்லை. 1967க்குப் பிறகு ஒரு கோப்பை இல்லை.

சாந்தி (9:37): அப்போது நான் பிறக்கவே இல்லை

ரவி (9:41): ஓம், அந்த ஓட்டை பெரிய ஓட்டைதான். மார்னருக்கு ஆள் கிடையாது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஏழு வருடம் அந்த நாலு பேரையும் நம்பித்தானே இருந்தோம்? மே மாதம் ஃபுளோரிடாவோடு ஏழாவது ஆட்டம், சொந்த அரீனா, 6-1. அன்று எங்களை அடித்தது அவர்களுடைய மூன்றாவது, நாலாவது லைன்களும்தான். அந்த ரீமில் மேலிருந்து கீழ்வரை ஆள் இருந்தது. எங்களிடம் இல்லை.

வசந்தா (9:42): அன்றைக்குத்தானே சனங்கள் ஜேர்சியைக் கழற்றி ஐஸில் எறிந்தார்கள்? ரீவியில் பார்த்தேன். இவ்வளவு காசு கொடுத்து வாங்குவது எறியவா? பேர் போட்டால் கடைக்காரன் திருப்பி எடுக்கவும் மாட்டான். பேர் இல்லாமல் வெறும் ஜேர்சி வாங்கு. யார் போனாலும் வந்தாலும் கவலை இல்லை.

துஷி (9:43): பெரியம்மா சொல்வதும் சரிதான்

வசந்தா (9:44): மூன்று வருடம், ஆறு வருடம் என்று கதைக்கிறீர்கள். அவனுடைய ஒப்பந்தம் இருக்கும், பிள்ளைக்கு அந்தச் சட்டை அளவாக இருக்குமா? போன வருடத்து மார்னர் இப்பவே கை கட்டை.

தர்சி (9:45): அது உண்மை. மாதத்துக்கு மாதம் வளர்கிறான்.

ரவி (9:45): ஓர் அளவு பெரிதாக வாங்கு. 15 வயது வரை போடுவான். லோரென்ட்ஸின் ஒப்பந்தமும் அதோடு முடியும்.

கஜன் (9:46): அதற்குள் வேறு ரீமுக்கு மாற்றிவிட்டால்?

ரவி (9:46): நைஸையும் மாற்றலாம் தம்பி.

தர்சி (9:48): மாமா, ஆதி ஒரு நாளும் லோரென்ட்ஸ் என்று என்னிடம் சொன்னதில்லையே. ஏன் இவ்வளவு உறுதியாக நிற்கிறீர்கள்?

ரவி (9:58): பிள்ளை, அவனை அரீனாவுக்குக் கூட்டிக்கொண்டு போவது நான்தானே. அவனுடைய ரீமில் அவன் கடைசி லைன். ஒரு ஷிப்ட் முப்பது, நாற்பது விநாடி. பக், அந்த அடிக்கிற தட்டு, பின்மூலைக்குப் போனால் முதலில் ஓடிப் போய் மோதுவது அவன். எடுத்துக் கொடுத்துவிட்டு பெஞ்சுக்கு வந்துவிடுவான். கோல் அடிப்பது வேறு பிள்ளை, அந்தப் பிள்ளையின் பேரைத்தான் எல்லாரும் கத்துவார்கள். காரில் வரும்போது ஒன்றும் பேச மாட்டான். இந்த பிளேயோஃப் முழுக்க என் வீட்டில்தான் பார்த்தான். மார்னர் இறங்கினால் சோபாவில் இருந்தே பார்ப்பான். 18 இறங்கினால் எழும்பி ரீவிக்குக் கிட்டப் போய் நிற்பான். என்னடா என்று கேட்டேன். அவர் எப்படி மூலைக்குப் போகிறார் என்று பார்க்க வேண்டும் என்றான். அதற்குப் பிறகு நான் வேறு பேர் யோசிக்கவில்லை.

தர்சி (10:01): எனக்கு இது தெரியாது மாமா

சாந்தி (10:01): பிள்ளை

துஷி (10:02): 18 எடுங்கோ அக்கா

கஜன் (10:04): நான் இன்னும் 23தான். ஆனால் மாமா சொல்வது விளங்குகிறது.

வசந்தா (10:06): ரவி, அவனைக் கூட்டிக்கொண்டு போகும்போது காலையில் ஏதாவது சாப்பிடக் கொடுக்கிறாயா?

ரவி (10:06): ஓம் அக்கா. முட்டையும் பாணும்.

வசந்தா (10:07): சரி. ஆனாலும் பேர் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

தர்சி (10:09): இன்று கனடா தினம், ரவுண் சென்டர் பூட்டு. நாளை வேலை முடிந்து போகிறேன். ஒரு வீட்டுக்கு 40 டொலர். எனக்கு இ-ட்ரான்ஸ்ஃபர் பண்ணுங்கோ.

சாந்தி (10:10): அனுப்பிவிட்டேன்

கஜன் (10:10): 23 என்றால் 60 தருகிறேன்

ரவி (10:11): மிச்சம் எவ்வளவு வந்தாலும் நான் போடுகிறேன், 18 என்றால்.

துஷி (10:12): என் பங்கையும் அம்மா அனுப்பிவிட்டா

வசந்தா (10:13): பூங்காவுக்குக் கரி யார் கொண்டு வருவது? போன முறை கஜன் என்று சொல்லி ஒருவரும் கொண்டு வரவில்லை.

கஜன் (10:13): போன முறை ஐஸ்தான் என் பொறுப்பு

சாந்தி (10:14): அம்மா இன்னொரு குரல் பதிவு அனுப்பப் போகிறா

தர்சி (10:16): எல்லாரும் இரவு 9 மணிக்குள் 18, 23, வெறும் ஜேர்சி மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கோ. ஆதியின் கண்ணில் இந்தக் குழு படக்கூடாது, யாரும் அவனுக்குப் போனைக் கொடுக்க வேண்டாம்.

ரவி (10:16): 18

கஜன் (10:17): 23

வசந்தா (10:19): கரிக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.